பேட்டரியை விவசாயி தலையில் கட்டாதே! தடையில்லா மின்சாரம் கொடு!



கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துக் கிராமங்களில் இப்போது புதுசாக ஒரு வியாபாரம் கிளம்பியிருக்கிறது. வண்டியில் வருகிறான், திண்ணையில் உட்காருகிறான், வழவழன்னு ஒரு நோட்டீஸை நீட்டுகிறான். "மாடியில சோலார், வீட்டுக்குள்ள பேட்டரி. கரண்ட் பில் ஜீரோ. கரண்டே போகாது. மத்திய அரசு மானியம் 78 ஆயிரம். மீதிக்கு லோன் நாங்களே வாங்கித் தர்றோம். ஒரே ஒரு கையெழுத்துதான்" என்கிறான்.

சங்கத்துக்கு வந்து பலபேர் கேட்கிறார்கள்: "போடலாமா, வேணாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவோம் என்றுதான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறோம். நமது சங்கம் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை. வெயிலை நம்பித்தான் நாம் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைவிக்கிறோம். வெயிலில் கரண்ட் எடுப்பதில் நமக்கு என்ன வருத்தம்? நம் கேள்வி வேறு. யாருக்கு லாபம்? யார் தலையில் கடன்? கரண்ட் கொடுக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

சோலார் வேறு, பேட்டரி வேறு!

வியாபாரி இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறான். நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 1 கிலோவாட் பேனலுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. மானியம் இவ்வளவுதான். இது மின்வாரியக் கம்பியோடு இணைக்கிற பேனலுக்கான மானியம். பேட்டரிக்கு ஒரு பைசா கிடையாது! "78 ஆயிரம் மானியத்தோட பேட்டரி" என்று எவனாவது சொன்னால் அவன் பாதியைத்தான் சொல்கிறான். மானியம் பேனலோடு முடிந்துவிட்டது. பேட்டரிக் காசு முழுக்க உங்கள் மடியிலிருந்து போகிறது. அந்த மானியமும் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும்.

இன்னொன்றையும் அவன் சொல்ல மாட்டான். பேட்டரி இல்லாத மானிய சோலார் போட்ட வீட்டில், லைனில் கரண்ட் போனால், உச்சி வெயிலடித்தாலும் சோலாரும் நின்றுவிடும். அது பழுதில்லை, ஏற்பாடே அப்படித்தான். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனை, உங்கள் மாடியிலிருந்து போகிற கரண்ட் அடித்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்ளும். "சோலார் போட்டா கரண்டே போகாது" என்று நம்பிப் போட்டவர்கள் முதல் மின்வெட்டிலேயே ஏமாந்து போவது இதனால்தான். கரண்ட் போகும்போதும் எரிய வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். அங்கேதான் அவன் தூண்டில் போடுகிறான்.

கணக்குப் போடுவோம், வாங்க!

2025-ஆம் ஆண்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை வீட்டுக்கு இலவசம். 150 யூனிட் ஓடினால் பில் சுமார் 120 ரூபாய். 200 யூனிட் ஓடினால் 235. 300 யூனிட் ஓடினால் 700 ரூபாய் வாக்கில். நம்ம ஊரில் நாலு பல்பு, ரெண்டு ஃபேன், ஒரு டி.வி., மிக்சி உள்ள வீடு இதற்குள்தான் அடங்கும்.

200 யூனிட் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஆறு பில். மொத்தம் 1,410 ரூபாய். இந்த வீட்டுக்காரருக்குப் பேட்டரியோடு சேர்த்து இரண்டரை லட்சம் கடன் வாங்கிக் கொடுத்தால், நூற்றுக்கு 10 வட்டி என்று வைத்தாலும் முதல் வருஷ வட்டி மட்டும் 25,000 ரூபாய். 1,410 ரூபாயை மிச்சம் பிடிக்க 25,000 ரூபாய் வட்டி! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதானே?

பேட்டரிக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போடுங்கள். 150 ஆம்பியர் டியூப்ளர் பேட்டரி ஒன்று 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1.8 யூனிட் பிடிக்கும் என்பார்கள். அடியோடு வடித்தால் சீக்கிரம் செத்துவிடும். பத்திரமாக எடுத்தால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட். தினமும் ஏற்றி இறக்கினால் நாலஞ்சு வருஷம் தாங்கும். அதாவது சுமார் 1,500 யூனிட். 15,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 10 ரூபாய்! இது சேர்த்து வைக்கிற கூலி மட்டும். பேனல் செலவு தனி. அஞ்சு யூனிட் ஏற்றினால் நாலு யூனிட்தான் திரும்பி வரும் என்பது அதற்கு மேல்.

லித்தியம் பேட்டரி உசத்திதான், மறுக்கவில்லை. 5 யூனிட் பிடிக்கிற பேட்டரி ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், பத்து வருஷம், தினமும் நாலரை யூனிட், பழுதே இல்லாமல் ஓடினால் யூனிட்டுக்கு 6 ரூபாய் விழும். 2025 கட்டணப்படி, 200 யூனிட்டுக்குள் செலவழிக்கிற வீட்டுக்கு மின்வாரியம் 2 ரூபாய் 35 காசுக்குக் கரண்ட் தந்தது. 6 ரூபாய் கூலி கொடுத்து 2 ரூபாய் 35 காசுச் சரக்கை எவனாவது குடோனில் போட்டு வைப்பானா? மரவள்ளி வியாபாரிகூட வைக்க மாட்டான்!

சரி, வெளிநாட்டிலெல்லாம் வைக்கிறார்களே என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1 முதல் வீட்டுப் பேட்டரிக்கு அரசே சுமார் 30 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறது. காரணம் இருக்கிறது. அங்கே கம்பியிலிருந்து வாங்குகிற கரண்ட் கிராக்கி, நீங்கள் கம்பிக்குக் கொடுக்கிற கரண்டுக்கு அற்ப விலை. அதனால் பகல் கரண்டைப் பேட்டரியில் பதுக்கி ராத்திரிக்கு எடுத்தால் லாபம். இங்கே அப்படி இல்லை. வீட்டு சோலாருக்கு நெட் மீட்டர் இருக்கிறது. பகலில் மிஞ்சியது கம்பிக்குப் போகும், ராத்திரி நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள், மீட்டர் கழித்துக்கொள்ளும். மின்வாரியக் கம்பியே உங்கள் பேட்டரி! அதற்குத் தண்ணி ஊற்ற வேண்டாம், அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டாம். இது இருக்கும்போது பில்லைக் குறைக்கப் பேட்டரி வாங்குவது வீண்.

ஆக முடிவு ஒன்றுதான். பேட்டரி பில்லைக் குறைக்காது. கரண்ட் போனால் விளக்கெரிய வைக்கும், அவ்வளவே அதன் வேலை.

அப்படியானால் யார் வாங்கலாம்?

ஒன்று: 200, 300 யூனிட்டுக்குள் ஓடுகிற வீடு. பேனலும் வேண்டாம், பேட்டரி மூட்டையும் வேண்டாம். ஒரு மணி, ரெண்டு மணி நேரம் கரண்ட் போவதுதான் தொல்லை, பிள்ளைகள் படிப்புக் கெடுகிறது என்றால், சாதாரண இன்வெர்ட்டரும் ஒரு டியூப்ளர் பேட்டரியும் போதும். 9 வாட் பல்பு மூணு, ஃபேன் ஒண்ணு, எல்லாம் சேர்த்து 100 வாட். ஏழெட்டு மணி நேரம் ஓடும். லைனில் கரண்ட் இருக்கும்போது அதுவே ஏற்றிக்கொள்ளும். இதுக்கு சோலாரே தேவையில்லை!

இரண்டு: 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு. கூட்டுக் குடும்பம், ஏ.சி., ஃபிரிட்ஜ், கிரைண்டர் உள்ள வீடு. 2025 கட்டணப்படி, 600 யூனிட் ஓடினால் பில் 2,900 ரூபாய் வரை வரும். இவர்கள் காங்கிரீட் மாடியில் 2 கிலோவாட் பேனல் போட்டால் லாபம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு சுமார் 4 யூனிட் கிடைக்கும், இரண்டு மாதத்தில் 480 யூனிட் கழியும். மானியம் போக மீதிக் காசு நாலஞ்சு வருஷத்தில் திரும்பிவிடும். ஆனால் பேனலும் நெட் மீட்டரும் மட்டும்! பேட்டரியைச் சேர்த்தால் அந்த லாபத்தைப் பேட்டரியே தின்றுவிடும்.

மூன்று: கரண்ட் போனால் உயிரோ பிழைப்போ போகிற வீடு. ஆக்சிஜன் மெஷினில் இருக்கிற நோயாளி உள்ள வீடு, மருந்தைக் குளிரில் வைக்க வேண்டிய வீடு. இவர்கள் பேட்டரி வாங்கத்தான் வேண்டும். அங்கே லாப நஷ்டம் பேசக் கூடாது.

கிணற்று மோட்டாருக்கும் இந்தப் பேட்டரி உதவும் என்று சிலர் கதை விடுகிறார்கள். நம்பாதீர்கள். 5 எச்.பி. மோட்டார் மணிக்கு 3.7 யூனிட் இழுக்கும். லட்ச ரூபாய்ப் பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம்தான் தாங்கும். மும்முனை மோட்டார் என்றால் வீட்டு இன்வெர்ட்டரில் எடுக்கவே எடுக்காது. சோலார் பம்பு போடுகிறவர்களுக்கும் பேட்டரி வேண்டாம். பகலில் இறைத்துத் தொட்டியில் நிரப்பினால் தொட்டியே பேட்டரி! சோலார் பம்பு மனுவில் கையெழுத்துப் போடும் முன், உங்கள் இலவச மின் இணைப்பு மூதுரிமை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். தெரியாவிட்டால் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள்.

மலையின் கதை வேறு!

கீழ்நாட்டுக் கணக்கைக் கல்வராயன் மலைக்கு அப்படியே பொருத்த முடியாது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு பக்கத்துச் சிற்றூர்களுக்குக் கம்பி காட்டுக்குள்ளே போகிறது. காற்றடித்தால் மரம் கம்பி மேல் விழும். எந்த இடத்தில் அறுந்தது என்று தேடிப் போய்ச் சரிசெய்ய நேரமாகும். அங்கே சோலாரும் பேட்டரியும் ஆடம்பரம் இல்லை, அவசியம். ஆனால் அதை வாங்க வேண்டியவர் சாமையும் கடுக்காயும் விற்றுப் பிழைக்கிற மலைவாழ் குடும்பமா? ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் பேனலை எங்கே மாட்டுவது? வீட்டுமனைப் பட்டா இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் போனால் மட்டும் போதுமா? அதற்கும் அனுபவம் இருக்கிறது. 2011-12-இல் தமிழக அரசு சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டம் கொண்டுவந்தது. வருஷத்துக்கு 60,000 வீடுகள், வீட்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், 300 சதுர அடி. ஒவ்வொரு வீட்டிலும் சோலாரில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள். நல்ல திட்டம்தான். ஏழை வீட்டுக்குச் சோலாரைக் கொண்டுவந்த பெருமை அதற்கு உண்டு. இன்றைக்கு உங்கள் ஊரில் உள்ள பசுமை வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தப் பேட்டரி எங்கே?" 2012-இல் வைத்த பேட்டரியின் ஆயுள் 2017 வாக்கிலேயே முடிந்திருக்கும். மாற்றிக் கொடுத்தது யார்? அந்த வீட்டுக்காரர் சொல்கிற பதில், எங்கள் இந்தத் துண்டுப் பிரசுரத்தை விடப் பெரிய பாடம். பேட்டரி வாங்குவது ஒருநாள் செலவு இல்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற செலவு.

இன்னொன்றும் உண்டு. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. அந்த மாதிரி நாளில்தான் கரண்ட் நாள்கணக்கில் போகும். அந்த நாளில்தான் வானமும் மூடிக் கிடக்கும், பேனலில் வழக்கமான கரண்டில் கொஞ்சம்தான் வரும். சின்னப் பேட்டரி மறுநாளே காலி. ஆகவே புயலுக்குத் தனி வீட்டுப் பேட்டரி முழுப் பாதுகாப்பு அல்ல. உறுதியான கம்பமும், உடனே வருகிற ஆளும்தான் பாதுகாப்பு.

யாருடைய பொறுப்பு?

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசே மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. 24 மணி நேரமும் மின்சாரம் கொடுப்பது விநியோகிப்பவரின் கடமை, தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு என்று அதில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2004 முதல் விநியோகத் தர விதிகள் இருக்கின்றன. பழுதை எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், தாமதித்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களில் எத்தனை பேருக்கு அந்த இழப்பீடு வந்திருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம்!

கடமையைச் செய்யாமல் விட்டுவிட்டு, "நீயே ஒரு பேட்டரி வாங்கிக்கோ" என்பது என்ன நியாயம்? ஊரில் தண்ணீர் நன்றாக வராததால் கேன் தண்ணீர் வாங்குகிறோம். இப்போது கரண்டையும் டப்பாவில் அடைத்துத் தவணைக்கு விற்க வந்துவிட்டார்கள்.

இதில் ஒரு சூழ்ச்சியும் இருக்கிறது. 2012-இல் கிராமங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அப்போது வசதி உள்ளவர் இன்வெர்ட்டர் வாங்கினார். வசதி இல்லாதவர் சிம்னி விளக்கு ஏற்றினார். வசதி உள்ளவர் வீட்டில் விளக்கு எரியும்போது, மின்வாரிய ஆபீசுக்குப் போய் மேசையைத் தட்டிக் கேட்க ஆள் குறைந்துவிடுகிறது. பாகிஸ்தானைப் பாருங்கள். 2024-இல் ஒரே வருஷத்தில் சுமார் 17,000 மெகாவாட் சோலார் பேனலை இறக்கினார்கள். வசதி உள்ளவன் கம்பியை விட்டு விலக விலக, மின்வாரியச் செலவெல்லாம் பேனல் வாங்க முடியாதவன் பில்லில் ஏறுகிறது. 2025 அக்டோபரில் மின்சாரத் திருத்த மசோதாவின் புது வரைவும் வந்தது. தனியாருக்குக் கதவைத் திறக்கிற வேலை அது. கம்பி பலவீனமானால் இலவச மின்சாரமும் பலவீனமாகும் என்பதை மறக்காதீர்கள்!

இலவச மின்சாரம் நமக்குச் சும்மா வந்ததா? 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரைக் கொடுத்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டி கட்டிப் போராடினார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது. 2003-இல் பறித்தார்கள். 2004-இல் மக்கள் கொடுத்த அடியில் திருப்பிக் கொடுத்தார்கள். தனித்தனியாகக் கடன் வாங்கி நாம் எதையும் வென்றதில்லை. கூட்டாக நின்றுதான் வென்றோம்.

சேமிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெரிய சேமிப்பு வேண்டும், அது பொதுவில் வேண்டும் என்கிறோம். வால்பாறை அருகே காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் இருக்கிறது. மிஞ்சிய கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கிக் கரண்ட் எடுக்கிறார்கள். அதுவும் பேட்டரிதான், ஊருக்கே பொதுவான பேட்டரி. 2023 செப்டம்பரில் மத்திய அரசு 4,000 மெகாவாட்-மணி பேட்டரிச் சேமிப்புக்கு 3,760 கோடி ரூபாய் உதவி அறிவித்தது. அப்படிப்பட்ட சேமிப்பு நம் துணை மின் நிலையங்களுக்கும் வரட்டும். விவசாயி திண்ணைக்கு எதுக்கு?

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்!

• கடைசி ஆறு மின் பில்லையும் எடுத்து வையுங்கள். வருஷத் தொகையையும் கடன் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.
• பேனல் விலை எவ்வளவு, பேட்டரி விலை எவ்வளவு, இன்வெர்ட்டர் விலை எவ்வளவு? தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தராதவனை அனுப்பிவிடுங்கள்.
• திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனமா? பேனல் மானியத்துக்குத் தகுதியான இந்தியத் தயாரிப்பா?
• பேட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை வருஷம்? கெட்டால் எந்த ஊர்க் கடைக்குப் போக வேண்டும்?
• கரண்ட் போனால் எந்தெந்தச் சாமான் ஓடும், எத்தனை மணி நேரம் ஓடும்? அதையும் எழுத்தில் வாங்குங்கள்.
• ஆதார், பாஸ்புக் நகலை வெறும் பேச்சுக்குக் கொடுக்காதீர்கள். நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.
• பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

நமது கோரிக்கைகள்

1. மாவட்டக் கிராமங்களுக்குத் தடையில்லா மின்சாரம் கொடு! பழுதான மின்மாற்றியை விதிப்படி குறித்த நேரத்தில் மாற்று!
2. தாமதத்துக்கு விதிப்படியான இழப்பீட்டை, கேட்காமலே பில்லில் கழித்துக் கொடு!
3. கல்வராயன் மலைச் சிற்றூர்களின் பள்ளி, சுகாதார நிலையம், குடிநீர்த் தொட்டி மூன்றுக்கும் அரசுச் செலவில் சோலாரும் பேட்டரியும் அமை! பத்து வருஷப் பராமரிப்பையும் பேட்டரி மாற்றுச் செலவையும் சேர்த்தே நிதி ஒதுக்கு! மலைமக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் தானாக முன்வந்து வழக்காக எடுத்த பிறகும் சாக்குச் சொல்லாதே!
4. பசுமை வீடுகளில் செத்துக் கிடக்கும் பேட்டரிகளைக் கணக்கெடுத்து மாற்றிக் கொடு!
5. 2025 செப்டம்பரில் சோலார் பேனலுக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறைத்தாய், பேட்டரிக்கு 18 சதவீதமா? அதையும் 5 ஆக்கு!
6. நெட் மீட்டர் முறையில் கை வைக்காதே! விவசாய இலவச மின்சாரத்திலும், வீட்டுக்கு 100 யூனிட் இலவசத்திலும் கை வைக்காதே!

பெருமக்களே! உங்கள் ஊரில் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும். அதுதான் நம் ஆயுதம். ஊருக்கு ஒரு நோட்டு என்று சேர்த்து, மாவட்ட ஆட்சியரகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும், மின்வாரியக் குறைதீர் கூட்டத்திலும் ஒன்றாகப் போய் வைப்போம். நோட்டு இருந்தால் அதிகாரி மழுப்ப முடியாது.

பேட்டரி விற்க வருபவனிடம் இந்தத் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துப் பதில் கேளுங்கள். மின்சாரம் விவசாயியின் உரிமை. தவணையில் வாங்குகிற சரக்கு இல்லை!

ஊர்தோறும் கணக்கெடுப்போம்! ஒன்றுபட்டுக் கேட்போம்! பெறாமல் விடமாட்டோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்,
கள்ளக்குறிச்சி.